மூடி வைத்த பாசி

கமலவேணி ஈரச் சாக்கை இழுத்துச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மொட்டைமாடியில் வேறு யாருமில்லை. ஐந்து தொட்டிகளிலும் ஓட்டுத் துண்டுகளின்மேல் பாசி பச்சைப்பசேலென்று இருந்தது. கடைசித் தொட்டியில், சாக்கு எட்டாத ஓரத்தில் கிடந்த ஒரே ஓடு மட்டும் சாம்பலாக வெளுத்திருந்தது.

கல்லூரி ஆய்வகத்தில் கூட்டிப் பெருக்க வந்தவள். பன்னிரண்டு வருடத்தில் ஓடையில் ஓடு போட்டுப் பாசி பிடித்ததும் எடுத்துவந்து தொட்டியில் வளர்ப்பது அவள் வேலையாகிவிட்டது. இந்த முறை, வயல்களிலிருந்து ஓடையில் கலக்கும் களைக்கொல்லி பாசியைக் கொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே அளவு மருந்தைத் தொட்டித் தண்ணீரிலும் கலந்திருந்தார்கள். ஓடைக்கரையில் மரமில்லை. ‘தொட்டி வெயில்லயே இருக்கட்டும்’ என்று நிர்மலா மேடம் சொல்லியிருந்தார். ஆனால் குருசுக்குப்பத்து மீன்காரியின் மகளான அவளுக்கு, ஈரமான பண்டம் வெயிலில் கிடந்தால் பொறுக்காது. மூன்று வாரமாகத் தினமும் காலையில் மூடி, சாயங்காலம் திறந்தாள்; நேற்றோடு சோதனை முடிந்ததால் இன்று மட்டும் மதியமே திறந்துவிட்டாள். முட்டிவலிக்காரரான மேடம் மாடி ஏறுவதில்லை; ஆய்வு மாணவன் பிரேம்குமார் அவள் திறந்தபின்தான் வந்து அளவெடுப்பான்.

கீழே பிரேம்குமார் அறிக்கையை அச்செடுத்துக்கொண்டிருந்தான். ‘இந்த அளவில் பாதிப்பில்லை.’ மூன்று மணிக்கு ஆய்வுக் குழுவிடம் கொடுக்க வேண்டும்.

“பிரேமு, அந்த வெளுத்த ஓட்டைக் கணக்குல சேத்தியா?”

“அது கெட்டுப்போனது அக்கா. தள்ளிட்டேன்.”

“கெடல. அது ஒண்ணுதான் வெயில்ல இருந்துச்சு. மத்ததெல்லாம் நான் சாக்குப் போட்டு மூடி வெச்சிருந்தேன்.”

“அது இன்னா வஞ்சிர மீனா? ஐஸும் போட்டியா?” என்று சிரித்தவன், சட்டென்று நிறுத்தினான். “அய்யோ. நிழல்ல வளந்த பாசி இந்த மருந்தைத் தாங்கும் அக்கா. வெயில்ல வளந்தது தாங்காது. ஓடை பூரா வெயிலாச்சே.”

“அப்ப அந்த அறிக்கை?”

“பொய்.” எழுந்து கதவைச் சாத்தினான். “அடுத்த வாரம் உன் ஒப்பந்தத்துல மேடம் கையெழுத்துப் போடணும். இப்பப் போயி சொல்லிக்கினு இருப்பியா? யாருக்குத் தெரியும்? சும்மா இரு அக்கா.”

அச்சு இயந்திரம் கடைசித் தாளையும் தள்ளியது. மணி இரண்டு நாற்பது. வீட்டில் இப்போது அவள் சம்பளம் மட்டும்தான். புருஷன் படகுக்குப் போகாமல் நான்கு மாதமாகிறது. தாள்களைப் பிரேம்குமார் தட்டி அடுக்கினான். அவற்றை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவள் மேடம் அறைக்கு நடந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டபின் மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் என்ன சொன்னேன்?”

“வெயில்லயே இருக்கட்டும்னு.”

“அப்புறம்?”

“கை கேக்கல மேடம்.”

வராந்தாவில் குழுவினர் வரும் பேச்சுச் சத்தம் கேட்டது. மேடம் தாள்களை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

“நீ வெளிய போ. நான் பேசிக்கிறேன்.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. சோதனையை முதலிலிருந்து செய்யக் குழு ஒன்றரை மாதம் தந்திருந்தது. பத்து மணிக்குக் கமலவேணியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு சொன்னதை மீறியதற்கு ஒரு குறிப்பாணை கொடுத்தார்கள். அடுத்த வாரம் வரவேண்டிய ஒப்பந்தமும் அதோடு இருந்தது; அதில் ஒரு வருடத்துக்குப் பதில் மூன்று மாதம் என்று போட்டிருந்தது. மேடம் கையெழுத்து இருந்தது. அவளும் போட்டாள். பதினொன்றரைக்குப் பிரேம்குமாரின் வண்டியில் ஓடைக்குப் போய் அறுபது ஓடுகளைத் தண்ணீரில் இறக்கினாள்.