வெட்டாமல் விட்ட துணி

சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் சின்னக்குழந்தை விலை கேட்க மாட்டாள். ஒடுகத்தூர் சந்தையில் தார்ப்பாய் மேல் குவிந்து கிடக்கும் பழைய துணிகளில் மற்றவர்கள் நிறம் பார்ப்பார்கள்; இவள் தையலோரம் பார்ப்பாள். பித்தான் இல்லாவிட்டால் பரவாயில்லை. காலர் நைந்திருந்தால் கீழே போட்டுவிடுவாள். வியாபாரி முகம் சுளிப்பதெல்லாம் அவளுக்கு உறைக்காது.

வீட்டில் ஜன்னலோரம் தையல் மெஷின். குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டே ஊர்க்கதை முழுக்கப் பேசுவாள். இதுவரை ஒன்றைக்கூட விழுங்கியதில்லை. ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. தொளதொள சட்டையை எவ்வளவு பிடித்துத் தைத்தாலும், மிஞ்சிய துணியில் கத்தரி வைக்க மாட்டாள். உள்ளேயே மடித்து விட்டுவிடுவாள்.

போன ஆடியில் அவள் கணவர் தசரதனுக்குக் காசநோய் என்றார்கள். வேர்க்கடலை மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கியவர் பாதியாக இளைத்துப்போனார். ஒருநாள் கண்ணாடி முன் நின்று, "சட்ட மட்டுந்தான் கீது, உள்ள ஆளக் காணோம்" என்றார். அன்றோடு வாசலுக்கு வருவதை நிறுத்தினார். மாத்திரையும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் மதியம் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் அவருடைய சட்டைகளையெல்லாம் பிடித்துத் தைத்தாள். பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு வரித் தையல். பிறகு இன்னொன்று. சட்டை உடம்போடு நிற்பதைப் பார்த்தவர், இளைப்பு நின்றுவிட்டது என்று நம்பி மாத்திரையை விழுங்க ஆரம்பித்தார். பொய்தான். ஆனால் இப்படியொரு பொய்க்காக யார் அவளைக் கோபித்துக்கொள்ள முடியும்?

மடிப்பு தடித்துப் போய் உறுத்துமே, வெட்டிவிடேன் என்றாள் பக்கத்து வீட்டு ஷம்ஷாத்.

"வெட்டிட்டா, அவரு ஒடம்பு தேறி வர்றப்போ துணிக்கு எங்க போறதுக்கா?" என்று கேட்டாள் இவள்.

இந்த மார்கழியில், மலைக்குளிர் இறங்கிய ஒரு காலையில், தசரதன் டீக்கடைக்குக் கிளம்பினார். வாசற்படி தாண்டியவர் திரும்பி வந்தார்.

"இன்னாமே, சட்ட கக்கத்துல புடிக்குது."

அவள் சட்டையைக் கழற்றி வாங்கினாள். உள்பக்கம் திருப்பியதும், ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று வரித் தையல் தெரிந்தது. தசரதன் குனிந்து, மூன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

அவள் பிளேடை எடுத்தாள். கண் கலங்கியிருந்ததில் கடைசி வரியின் முடிச்சு அகப்படவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து, முடிச்சைத் தேடிக் காட்டிவிட்டு, அவள் பிரிப்பதற்கு வாகாகத் துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.