புற்றுநோய்க்கு மரியாதை கொடுத்தவர்

எலெக்ட்ரானிக் சிட்டி மருத்துவமனை கேன்டீனில் அவரைச் சந்தித்தேன். நரைத்த தாடி, கன்னட வாடை வீசும் தமிழ். சிறுநீரகப் புற்றுநோய் செல்களை ஆராய்பவராம். ஆராய்ச்சி விஷயமாக டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார். மேல்மாடியில் என் மகனுக்கு அதே நோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"சின்ன வயசுல இன்னும் சத்தா கொடுத்திருக்கணும் சார். எதிர்ப்பு சக்தியே இல்லாம போச்சு," என்றேன்.

"சக்தி இருக்கும்மா. ஏமாந்து போச்சு, அஷ்டே, அவ்ளோதான். இந்த கேன்சர் செல்லு இருக்காரே, 'நானும் நம்ம ஆளுதான்'னு ஒரு அடையாளத்தை மேல மாட்டிக்கிறாரு. காவலுக்கு வர்ற செல்லுங்க நம்பி விட்டுடுது. அதையும் மீறி அதுங்க தாக்கினா, இன்னும் நெறைய மாட்டிக்கிறாரு. அதை எப்படிக் கூட்டுறாரு, குறைக்கிறாருன்னுதான் நாங்க பார்க்கிறோம். இப்ப ஏறுற மருந்து அந்த ஏமாத்து வேலையைத் தடுக்கத்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தச் சனியனுக்கு என்ன சார் மரியாதை?"

சிரித்தார். "திட்டிக்கிட்டே பார்த்தா அவரு செய்றது கண்ணுல படாதும்மா."

"என் பையன் பிழைச்சுடுவானா?"

"தெரியாதும்மா. இந்த மருந்து சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல. ஏன்னுதான் தேடுறோம்."

அதுவரை எல்லோரும் 'சரியாயிடும்' என்றே சொல்லியிருந்தார்கள். இவர் தெரியாது என்றார். சொல்லிவிட்டு எழுந்தும் போகவில்லை. அவருடைய பஸ் வந்து போனது. மகன் இறங்கி வரும்வரை என்னோடு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை. 'தெரியாது' என்ற ஒரு சொல்லோடு என்னால் ஓர் இரவுகூடத் தூங்க முடியவில்லை. அந்த மனிதர் அதை வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போகிறார்.