எல்லப்பன் வாசலில் காளி

குப்புராஜ் ஆரணியில் பட்டு நெய்தவர். அதிர்ந்து பேசாதவர். சந்தைக்குப் போனால் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்து மனைவி ரங்கம்மாளிடம் ஏச்சு வாங்குகிறவர். அப்படிப்பட்டவர் வருஷத்தில் ஒரு நாள் காளியாக ஆனார். மாசி அமாவாசையில், மயானக் கொள்ளை அன்று, முகத்தில் நீல அரிதாரமும் தலையில் மரக் கிரீடமான முடியும் இடுப்பில் சிவப்புச் சேலையுமாக அவர் பம்பை மேளச் சத்தத்தோடு தெருவில் இறங்குவார். குழந்தைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். காளி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்க வேண்டும். மஞ்சள் தண்ணீரும் தீபமும் வாங்க வேண்டும். ஒரு வீட்டையும் விட்டுப் போகக் கூடாது. கடைசியில் ஆற்றங்கரைச் சுடுகாட்டில் அவித்த பயறும் கொழுக்கட்டையும் வீசுவார்கள். அதைப் பொறுக்கக் கூட்டம் முட்டி மோதும். நிலம் வைத்திருப்பவர்கள் ஒரு பிடி கொண்டுபோய் வயலில் தூவுவார்கள்.

முடி அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருந்தது. அதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. காப்புக் கட்டிய பிறகு, நெய்ய உட்காரும் தறிக்குழியில் கால் வைக்கக் கூடாது. அரிதாரம் பூசிய பிறகு, ஆற்றில் தலை முழுகும் வரை வாய் திறக்கக் கூடாது. மீறினால் முடி கைமாறும். தறிக்குழியில் என்ன தோஷம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தாத்தா வைத்த ஏற்பாடு, அவ்வளவுதான்.

அப்பா அய்யாக்கண்ணு இறந்தபின் முடி மூத்தவர் எல்லப்பனுக்கு வந்தது. 1974இல் அவர் காப்புக் கட்டிய சமயம், ஒரு முகூர்த்தச் சேலை முந்தானை மட்டும் நெய்ய பாக்கியாகத் தறியில் நின்றுகொண்டிருந்தது. பெண் வீட்டார் வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எல்லப்பன் விடியுமுன் தறிக்குழியில் இறங்கி முந்தானையை முடித்து அறுத்துக் கொடுத்தார். விஷயம் எப்படியோ கோயிலுக்கு எட்டியது. பூசாரி தனகோடி குப்புராஜைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உங்கண்ணன் தறியில உக்காந்தானா?"

"உக்காந்தாரு."

பரிகாரமாகக் கற்பூரம் கொளுத்தச் சொல்லி விட்டுவிடுவார்கள் என்றுதான் குப்புராஜ் நினைத்தார். பூசாரியோ முடியைத் தூக்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் எல்லப்பன் தன் வீட்டு வாசலை மறித்து நின்றார். "காட்டிக் குடுத்து வாங்கினியே, நல்லா வச்சிக்கோ. அம்மாவா வா, மஞ்ச தண்ணி ஊத்தறேன். தம்பியா வராத."

"நீ கூப்புடாம நான் மிதிக்க மாட்டேண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தார் குப்புராஜ். அடுத்தடுத்த தெருதான். இருந்தும் பேச்சு நின்றது.

மறு வருஷம் காளி எல்லப்பன் வாசலில் நின்றபோது அண்ணி பாஞ்சாலை தண்ணீர் ஊற்றினாள். எல்லப்பன் தீபத்தைக் காட்டிவிட்டு, யாரும் எதிர்பாராமல் பேச ஆரம்பித்தார்.

"தாயே, வீட்டு ஓடு ஒழுகுது. தறி மேலயே சொட்டுது. சொல்லிட்டேன், அப்புறம் உன் இஷ்டம்."

காளி வழக்கம்போல் சூலத்தை அசைத்துவிட்டு நகர்ந்தது. பங்குனியில் ரங்கம்மாள் ஒரு வண்டி ஓடுகளைக் கொண்டுபோய் அந்த வாசலில் இறக்கினாள். "யாரு அனுப்பிச்சது?" என்றார் எல்லப்பன். "அம்மாதான்" என்றாள் அவள். அவரும் மேற்கொண்டு கேட்காமல் அடுக்கச் சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த மாசியில், "ஓடு வந்து சேந்துச்சு தாயே" என்று காளிக்குத் தகவல் போயிற்று.

இப்படியே பழக்கமாகிவிட்டது. பையன் பத்தாவதில் தேறாதது, பாஞ்சாலையின் வயிற்று வலி, ஜரிகை இழை கண்ணுக்குத் தெரியாமல் போனது, எல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை காளியின் காதில் விழுந்தன. பம்பைக்காரர் ஜெயவேல் அந்த வாசல் வந்ததும் தானாகவே அடியைக் குறைத்துவிடுவார்.

"ஒங்க அண்ணன் கறவை மாடு வாங்கிகீறாராமே?" என்று ஒரு நாள் கேட்டாள் ரங்கம்மாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆமா, மாசி வந்தாதானே ஒங்களுக்குத் தெரியும்" என்று அவள் சிரித்தாள். குப்புராஜ் சிரிக்கவில்லை. மற்ற வாசல்களில் அவர் காளியாக நின்றார். அந்த ஒரு வாசலில் மட்டும் அண்ணன் வாயில் தம்பி என்று ஒரு வார்த்தை வருமா என்று காத்து நின்றார். வரவில்லை.

1985 மாசி. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. தெருவில் வேப்பம் சருகு. எல்லப்பன் தலை நன்றாக நரைத்திருந்தது. அவருக்குப் பின்னால் மகள் சாவித்திரி தட்டோடு நின்றாள்.

"தாயே, பொண்ணுக்குப் போளூர்ல சம்பந்தம். பங்குனியில கல்யாணம். பந்தக்கால் நடணும். எங்க வீட்டுல அத நடறது பொண்ணோட சித்தப்பன்தான்." எல்லப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கு ஒரே தம்பி. நான்தான் வராதன்னு சொன்னேன். அவன இப்ப எப்படிக் கூப்புடறது, நீயே சொல்லு."

குப்புராஜ் சூலத்தை அசைக்கவில்லை. கோயிலும் அப்பாவும் தாத்தாவும் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு வாயைத் திறந்தார்.

"எந்தக் கெழமைண்ணா?"

பம்பை நின்றது. "பேஜார் பண்ணிட்டியேய்யா!" என்று தனகோடி தலையில் கை வைத்தார். கூட்டத்தில் ஒருத்தி, "அம்மா பேசிட்டா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மா இல்லடி, குப்புராஜு" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

எல்லப்பன் மட்டும் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். "வெள்ளிக்கெழம."

"எறக்கு முடிய" என்றார் தனகோடி. "இனிமே உங்க வீட்டுக்கு இது வராது, தெரியுமில்ல?"

"தெரியுங்க" என்றார் குப்புராஜ். முடியைத் தானே கழற்றி, அரிதாரம் ஒட்டாமல் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார். அதை ஒரு முறத்தில் வைத்து, பக்கத்தில் சூலத்தைச் சாத்தி, ஊர்வலத்தை நடத்தினார்கள். மறு வருஷம் முடி வேறொரு வீட்டுக்குப் போனது. அந்த ஆண்டு மழை தவறியதற்கு ஆரணியில் சிலர் குப்புராஜைக் காரணம் சொன்னார்கள். அவர் மறுத்துப் பேசியதில்லை.

அன்று பம்பைச் சத்தம் தெரு முனை திரும்பியது. குப்புராஜ் சிவப்புச் சேலையோடு வாசலிலேயே நின்றார். பாஞ்சாலை குடத்தில் மீதியிருந்த மஞ்சள் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தாள். நீலம் கழுத்து வழியாக ஒழுகியது.

"கால் கழுவிகினு உள்ள வாடா" என்றார் எல்லப்பன்.

உள்ளே இருவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். சாவித்திரி மோர் கொண்டுவந்தாள். சிவராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர், ஒரே மூச்சில் குடித்தார்.

"மூணு தலமொற முடிடா" என்றார் எல்லப்பன்.

"போவட்டும். பந்தலுக்கு மூங்கிலு சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"இன்னாண்ணா நீ? ஜல்தி சொல்லு. பங்குனியில எல்லாருந்தான் கல்யாணம் வைப்பாங்க."