ஏழாம் பெட்டின் காலித் தட்டு

ஆஸ்பத்திரியில் யார் பட்டினி கிடக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. கிடக்கிறவர் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். டேப்பும் ஃபாரமுமாக வார்டு வார்டாக அலையும் சக பாவிகளே, உங்களுக்காக ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். இப்போதே கேட்காதீர்கள். எனக்குப் பத்தொன்பது வயது. ஊட்டச்சத்துப் படிப்பு, நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று மாதப் பயிற்சி. கூடுதல் தகுதி ஒன்று உண்டு: யார் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே பேசிவிடுவேன்.

இரண்டே கேள்வி

புதிதாகச் சேரும் எல்லோரிடமும் இரண்டு கேள்வி கேட்கணும். தானாக எடை குறைந்ததா? சாப்பாடு குறைந்ததா? பதிலுக்கு மார்க். மார்க் கூடினால் டயட்டீசியன் மேடம் வந்து முழுசாகச் சோதிப்பார். ஆனால் எங்கள் பக்கம் 'சாப்டீங்களா' என்பது வணக்கம் மாதிரி. மூன்று நாள் வாயில் ஒன்றும் படாதவரும் பதில் வணக்கமாக 'ஆச்சுங்க' என்று விடுவார்.

ஏழாம் பெட் செல்லமுத்து ஐயாவும் அப்படித்தான் சொன்னார். முப்பது வருச லாரி டிரைவர், துணைக்கு மகள் கோமதி. சர்க்கரை, குதிகாலில் ஆறாத புண். சத்து சேர்ந்து புண்ணில் சதை பிடித்தால் வெள்ளிக்கிழமை தோல் ஒட்டலாம், பிடிக்காவிட்டால் பாதமே போய்விடும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். வயிறோ லாரி மூக்கு மாதிரி முன்னால் நின்றது. முட்டை மார்க் போட்டேன். அவரும் ஆமோதித்தார்: "என்னையப் போயி பட்டினின்னு எழுதுனீங்கன்னா அந்தப் பேனாவே சிரிக்குமுங்க அம்மிணி."

புது ஓட்டை

மறுநாள் எடை பார்க்கும்போது லுங்கி மேல் கட்டும் பச்சை பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். கடைசி ஓட்டைக்கும் உள்ளே, ஆணி வைத்து அடித்த இரண்டு புது ஓட்டைகள். சந்தேகம் வந்து சட்டைக் கையை ஏற்றி டேப் சுற்றினேன். கை குச்சி. என் விரலை அழுத்தச் சொன்னேன். மலைப்பாதையில் ஸ்டியரிங் திருப்பிய கை, பஞ்சு மாதிரி வந்து தொட்டது.

மேடம் வந்து பார்த்து, வயிற்றை நம்பி ஏமாந்தாயா என்று என்னைத் திட்டி, ஊட்டம் மோசம் என்று எழுதினார். பிறகு அந்த ஓட்டைகளைப் பற்றி ஐயாவிடமே கேட்டார். "பெல்ட்டுக்கு வயசாச்சுங்க, தொவண்டு போச்சு. என்னைய ஏனுங்க அளக்கறீங்க, அதைய அளங்க."

கிச்சனுக்கு ஒரு போன்

சிரிப்பு வருகிறது, இருங்கள். மேடம் ஆர்டர் எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குள், அவர் குரலிலேயே நான் கிச்சனுக்குப் போன் போட்டேன். "ஏழாம் பெட்டுக்கு ரெண்டு முட்டை எக்ஸ்ட்ரா. உடனே!" வந்தது. தட்டும் சுத்தமாகத் திரும்பியது. அடுத்த வேளையும் சுத்தம். ஐயா முகத்தில் மட்டும் சாப்பிட்ட களையே இல்லை.

கதவோரம் நின்று பார்த்தேன். தட்டு மெதுவாக எட்டாம் பெட்டுக்கு நகர்ந்தது. அங்கே படுத்திருந்தவருக்குத் துணைக்கு இருந்த அவர் மச்சான், வாட்டசாட்டமானவர், முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். பிடிபட்டதும் கொஞ்சமும் அசரவில்லை. "அவரு தள்ளி வுடறாருங்க. சோறு வீணாப் போவக்கூடாது பாருங்க, அதான் நான் சிரமப்படறேன்."

மத்தியான கேபின்

புதன் மத்தியானம். வார்டே ஓடுகிற வண்டிக்குள் உறங்குவதுபோல் கிடந்தது. ஃபேன்கள் ஒரே சுருதியில் முனகின, பச்சைத் திரைகள் மூச்சு விட்டன. ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டைப் பாறை வெயிலில் கரைந்து மிதந்தது. ஐயா கண்மூடிக் கிடந்தார். அவருடைய ஜோடி டிரைவர் ராசு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்திருந்தார். ஒருத்தர் ஓட்ட, ஒருத்தர் கண்ணயர, உறக்கத்திலேயே பேசிக்கொண்டு போன முப்பது வருசத்தைச் சொல்லியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் போய் ராசுவின் கரகரத் தொண்டையை மாட்டிக்கொண்டேன்.

"ண்ணோவ்... சாப்பாட்டுக்கு ஓரங்கட்டட்டுங்களா?"

"வேண்டாம் ராசு. நீ ஓட்டு."

"ஏனுங்ண்ணா?"

"தின்னா கக்கூஸு போவோணும். காலை ஊன முடியல. கோமதிதான் இடுப்பத் தாங்கிக் கூட்டிட்டுப் போவுது. பெத்த புள்ளைய அதுக்கு நிக்க வெக்கறதாடா? ரெண்டு வாயோட நிறுத்திக்கறேன்."

அடுத்து ஹாரன் சத்தம் போட்டு அலற வைப்பதாகத்தான் திட்டம். அதைக் கைவிட்டேன். ராசுவின் குரலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்குப் பாதத்தை உட்டுக்குடுப்பீங்களா? இங்கே ஆம்பளை ஆளுக இருக்கறாங்கண்ணா. சக்கரம் வெச்ச நாற்காலியே பெட்டுக்கு வருது. புள்ளைக்குத் தெரியவே வேண்டாம்."

"நெசமாவா?"

"நெசமா."

"அப்பச் செரி. ஓரங்கட்டு."

ஓடிப்போய் மேடத்திடம் காரணத்தைச் சொன்னேன். நாலு மணிக்கு நாற்காலியும் ஓர் ஆண் உதவியாளரும் வந்தார்கள், தட்டும் வந்தது. எட்டாம் பெட் மச்சான் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஐயா முதல் முட்டையை முழுசாகத் தின்றார். இரண்டாவதைப் பாதி கடித்தவர் நிறுத்தி, மென்றபடியே என்னைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது, பிறகு மெதுவாக விரிந்தது. வயிறு குலுங்க ஆரம்பித்தது.

"ராசு திங்கக்கிழமையே லோடு ஏத்திட்டு நாசிக் போயிட்டான். எங்கே அம்மிணி, இன்னொருக்கா 'ண்ணோவ்'னு சொல்லுங்க பாக்கலாம்."

மூன்று மாதத்தில் நான் ஒழுங்காக நிரப்பிய ஒரே ஃபாரம் அன்று ஐயாவுக்கு எழுதியதுதான், 'தகவல் கேட்டவர்' என்ற கட்டத்தில் என் பெயரைப் போடுவதா, ராசு பெயரைப் போடுவதா என்பதைத் தவிர.