குணமாக்காதே என்று வேண்டினேன்

அண்ணாமலையாரிடம் குணமாக்கு என்று வேண்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். குணமாக்காதே என்று வேண்டிய பாவி நான்.

லாட்ஜில் ராத்திரியும் பகலும் சேர்த்து டியூட்டி பார்த்த காலத்தில் என் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. வேலை போயிற்று. ஆஸ்பத்திரி மாத்திரையில் குரல்கள் அடங்கின. ஆனால் கை நடுங்கும், உட்கார்ந்தால் தூக்கம் வரும். யார் வேலை கொடுப்பார்கள்? மனைவி செல்வி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அதோடு அரசாங்க உதவித்தொகை. அதில்தான் அடுப்பு எரிந்தது.

போன வருஷம் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் உதவித்தொகைக்காரர்களுக்கு முகாம் என்றார்கள். டாக்டர் மறுபடி பார்த்து எழுதினால்தான் பணம் தொடரும். எதிர்வீட்டுக்காரர் சொன்னார்: "இவ்ளோ தெளிவா பேசிக்கினு போனீங்கன்னா கட் பண்ணிடுவாங்க."

நோய் இருந்தால் சோறு, தீர்ந்தால் பட்டினி. இது என்ன நியாயம் சாமி? அந்தப் பயம் என்னைத் தின்றது. செல்விக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினேன். சன்னதியில் நின்று, முகாம் முடிகிறவரை என்னைக் குணமாக்காதே என்று கெஞ்சினேன். அது மட்டும் உடனே பலித்தது. குரல்கள் திரும்பின; செல்வியின் முகமே வேறு யாரோ முகமாகத் தெரிந்தது.

முகாமுக்கு முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் 'அரோகரா' என்றபோதெல்லாம் எனக்குச் 'செத்துப்போ' என்றே கேட்டது. கால் போன போக்கில் நடந்தேன். கிரிவலப் பாதையில் நிருதி லிங்கச் சன்னதி அருகே விழுந்து அழுதேன். "தப்பா கேட்டுட்டேன் அப்பா. பணம் போனா போவட்டும். என் புத்திய திருப்பிக் குடு."

அத்தனை ஜனத்தில் செல்வி வந்து என் தோளைத் தொட்டாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

"மாத்திர அப்படியே இருக்குதுங்க. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் முகாமுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனோம். "மாத்திரையில நல்லா இருந்தாலும் எழுதிக் குடுப்போமே, யாருங்க உங்களுக்கு அப்படிச் சொன்னது?" என்றார் டாக்டரம்மா. செல்வி அழுதாள்.

குரல்கள் அடங்க வெகுநாள் ஆயிற்று. முகாமுக்குப் போகாததால் உதவித்தொகை நின்றது. மனு கொடுத்திருக்கிறோம், பதில் இல்லை. சில நாள் இரண்டு பேருமே சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்லிக்கொண்டு படுக்கிறோம். ஆனால் அவள் முகம் எனக்கு அவள் முகமாகவே தெரிகிறது. அது அவர் கொடுத்தது.

என்னைப்போல் பயத்தில் இருக்கும் அடியார்களே, மாத்திரையை நிறுத்தாதீர்கள். குணமாக்கு என்றே கேளுங்கள். அண்ணாமலையார் கைவிடமாட்டார். வயிறு நிறைந்து இதைச் சொல்லவில்லை, பசியோடுதான் சொல்கிறேன்.