மணி அடித்த பிறகு

என் அண்ணன் கிளெம் ஹாரிகன் ஆடியது மொத்தம் ஐந்தே ஆட்டங்கள். வியாழக்கிழமை அவனைப் புதைத்தோம். செய்தித்தாளில் இரண்டு வரி வந்தது. அதில் பந்தாட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவனுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. சாப்பிடும்போதும் முழங்கால் ஆடும். மேசையில் எங்கள் தேநீர்க் கோப்பைகள் கிலுகிலுக்கும். தோல் பதனிடும் ஆலையில் வேலை முடிந்ததும் யாரா ஆற்றங்கரையோடு மைதானத்துக்கு ஓடியே போவான். அந்த ஓட்டத்துக்காகத்தான் 1904இல் எங்கள் பேட்டைக் கால்பந்து அணியில் எடுத்தார்கள். "அஞ்சு ஆட்டம் பாப்போம். தேறலேன்னா ஆலையே கதி" என்றது கமிட்டி.

ஐந்தாவது சனிக்கிழமை. ஒரே சேறு. நாலு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஒரு கோலுக்கு ஆறு புள்ளி. கடைசி நிமிடத்தில் மூன்று பேர் தோளுக்கு மேல் எழும்பிப் பந்தைப் பிடித்தான் கிளெம். எங்கள் ஊர்க் கால்பந்தில், உதைத்த பந்தை அப்படிக் கையால் பிடித்தால் 'மார்க்'. பிடித்தவனை யாரும் தொடக்கூடாது, நிதானமாக உதைக்கலாம். அந்நேரம் ஆட்டம் முடியும் மணி அடித்துவிட்டது. அடித்தாலும் அந்த ஓர் உதை அவனுக்கு உண்டு. கோல் கம்பங்கள் நேரெதிரே, முப்பது கஜத்தில்.

"டேய் கிளெம், அவசரப்படாத! மூச்ச இழுத்து விடு!" கத்தினார் அணித் தலைவர் டெட் கார்லண்ட்.

எதிரே நின்ற எதிரணிக்காரன் கைகளை ஆட்டினான். "என்ன தம்பி, கால் நடுங்குது? ஒங்கம்மாவ வந்து ஒதைக்கச் சொல்லவா?"

வேலியோரம் நின்று நானும் கத்தினேன். "நேரா ஒதை கிளெம்! நேரா!"

நாலடி பின்னால் போனான். நின்றான். கால் மாற்றினான். பிறகு ஓடினான், எதிரே நின்றவனைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில். மணி அடித்தபின் அப்படி விலகினால் உதை செல்லாது. எங்கள் தெருவில் பால்குடிப் பிள்ளைக்கும் அது தெரியும். பந்து கம்பங்களுக்கு நடுவேதான் போயிற்று. நடுவர் செல்லாதென்று தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

செவ்வாயன்று பெயர்ப் பட்டியலில் அவன் இல்லை. பிறகு தபால்காரனானான். முப்பத்தொரு வருடம் நடந்தான்.

"ஏன் ஓடின?" ஒருமுறைதான் கேட்டேன்.

"அத்தன பேரு பாக்கறப்ப நிக்க முடியல, மேபெல். ஒடம்பு பூரா எறும்பு ஊர்ற மாதிரி."

கல்லறைக்குக் கார்லண்ட் வந்திருந்தார். அன்றைக்குப் பிறகு கிளெமிடம் ஒரு வார்த்தை பேசாதவர்.

"அந்த மார்க் மாதிரி நான் பாத்ததே இல்லம்மா" என்றார்.

"அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே."

தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "தெனம் எங்க வாசலுக்குத் தபால் கொண்டாருவான். நாளைக்குச் சொல்லலாம்னு நின்னுட்டேன்."