ராபர்ட்சன்பேட்டையில் ரேஸ் சைக்கிளுக்கு விலை சொல்கிறேன்

பழைய ரேஸ் சைக்கிளுக்கு விலை சொல்கிற தொழிலில் பாதி நேரம் சைக்கிளைப் பார்க்க வேண்டும், மீதி நேரம் அதைக் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும். பெங்களூரில் ஒரு சைக்கிள் கடையில் பல வருஷம் இருந்துவிட்டு சொந்த ஊரான கோலார் தங்கவயலுக்கே திரும்பி, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் கடை போட்டிருக்கிறேன். ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற நம்மாட்கள் அங்கிருந்து ரோடு பைக், டிரையத்லான் பைக் என்று பிடித்து வருகிறார்கள். வாங்குவதற்கு முன்னும் விற்பதற்கு முன்னும் என்னிடம் காட்டுகிறார்கள். நகை மதிப்பிடுகிறவர், பழைய கார் பார்த்துச் சொல்கிறவர், ஜாதகம் பார்க்கிறவர், உங்களுக்கெல்லாம் என் கஷ்டம் புரியும்.

நாணயச் சத்தம்

கார்பன் ஃபிரேமில் விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ரூபாய் நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல இடம் 'டிக் டிக்' என்று பேசும். கெட்ட இடம் 'தொப்' என்று வாயை மூடிக்கொள்ளும்.

பக்கத்து ஊரிகத்து நர்ஸ் கௌதமி, விற்பவரிடம் இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பணம் தருவதாகச் சொல்லி ஒரு சைக்கிளை எடுத்து வந்திருந்தார். அடுத்த மாதம் அவருடைய முதல் பந்தயம். அப்போதுதான் மழை விட்டிருந்தது; தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன். பெடல் பக்கம் வந்ததும் சத்தம் செத்துப்போனது. அங்கே ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தேன். தலைமுடி மாதிரி ஒரு கோடு.

"இறக்கத்துல வேகமா போறப்ப இது விட்டுடுச்சுன்னா..." என்று இழுத்தேன். கௌதமி என் கையிலிருந்த நாணயத்தை வாங்கித் தானும் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். திரும்பத் திரும்ப அதே இடத்தில். சைக்கிள் மேல் எவ்வளவு ஆசை வைத்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. அப்புறம் நாணயத்தை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்கப்பா தங்கச் சுரங்கத்துல கீழ லெவல்ல வேலை செஞ்சப்போ, தலைக்கு மேல இருக்கிற பாறைய கடப்பாறையால தட்டித் தட்டிக் கேப்பாராம்ணா. சத்தம் கெட்டா ஓடியாந்துடுவாராம். நானும் ஓடியாந்துடறேன்."

நீச்சல் வராதவர்

பிரகாஷ் வங்கி ஊழியர், நாற்பது வயது. அவர் கொண்டுவந்தது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் பந்தயத்துக்கான பைக். அதற்கு இரண்டு வயது, ஆனால் புது டயரில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகூடப் போகவில்லை. செயின் துளியும் நீளவில்லை. ஏன் விற்கிறீர்கள் என்றேன். "ஓட்டம், சைக்கிள் ரெண்டும் வரும் சார். நீச்சல்தான் வரல. தண்ணியில இறங்கினாலே மூச்சு நின்னுடுது" என்றார்.

பேட்டரி கியர் ஒழுங்காக மாறுகிறதா என்று பார்க்க யாராவது ஓட்ட வேண்டும். எனக்கு முழங்கால் வலி. அவரையே ஒரு சுற்றுப் போய்வரச் சொன்னேன். நந்திதுர்க் சுரங்கம் பக்கம் போனார். டீ குடித்தேன், விவரமெல்லாம் தாளில் எழுதினேன், ஒரு மணி நேரமாயிற்று. ஆளைக் காணோம். பயந்துபோய் ஸ்கூட்டரை எடுத்தேன்.

தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மண்மேட்டுக்கு இந்தப் பக்கம் எதிரே வந்துகொண்டிருந்தார். முழங்கைகளை ஹேண்டில்மேல் வைத்து, தலையைத் தாழ்த்தி, தூக்கத்தில் சிரிக்கிற குழந்தை மாதிரி ஒரு முகம். "கியர் எப்படி?" என்றேன்.

"கியரா? அது ஞாபகமே இல்ல சார். மேட்டைத் தாண்டினதும் காத்து பின்னாலேர்ந்து தள்ளுச்சு, அப்படியே மெதந்தேன். இதான் நீச்சல்னா எனக்கு வருது. விக்கல, போங்க!"

பெரிய பல்சக்கரம்

சாந்தி டீச்சரின் கணவர் இதய நோயில் போய் எட்டு மாதம். அவருடைய ரோடு பைக்கை டீச்சர் தள்ளிக்கொண்டு வந்தார். "ஒவ்வொண்ணா பாத்துச் சொல்லுங்க" என்றார். சொல்லிக்கொண்டே வந்தேன். பிரேக் நல்லாயிருக்கு, சக்கரம் நேராயிருக்கு. பின்சக்கரத்துப் பற்களுக்கு வந்தேன். சின்னப் பல்சக்கரங்கள் புதுசு போல இருந்தன. ஏற்றத்துக்கு மட்டும் போடுகிற பெரிய பல்சக்கரம் தேய்ந்து கூராகிப் போயிருந்தது.

"சார் மலையா ஏறித் தள்ளியிருக்கார், மேடம்" என்றேன் யோசிக்காமல்.

"மேடே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. பங்காருபேட்டை ரோட்டுல சமதரையில மட்டும்தான் போறேன்னு தெனமும் என்கிட்ட சொல்லிட்டுப் போவாரு."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். "முன்னாடி வச்சிருந்தவர் ஏறியிருப்பார்" என்று சமாளித்தேன். "புதுசா நான் வாங்கிக் குடுத்தது" என்றார். அழுவாரோ, கணவரைத் திட்டுவாரோ என்று காத்திருந்தேன். டீச்சர் அந்தக் கூரான பற்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய கருப்பு கிரீஸைத் துடைக்கவில்லை. விலை கேட்கவுமில்லை. சைக்கிளைத் திருப்பி வாசல்வரை தள்ளிக்கொண்டு போனவர் அங்கே நின்றார்.

"மலை மேல ஏறிப் பாத்தா இன்னாங்க தெரியும் அங்கேர்ந்து?"

ஆகமொத்தம், நான் விலை சொல்லி விற்றுப்போன சைக்கிளைவிட, விலை சொல்லுமுன்னே வீட்டுக்குத் திரும்பிப் போன சைக்கிள்கள்தான் அதிகம்.